கையெழுத்து யாருடையது? நர்ஸ் பிராக்டிஷனர் என்ற வேலை பிறந்த கதை

காய்ச்சலோடு ஒரு குழந்தை வருகிறது. அழுதுகொண்டே காதைப் பிடித்து இழுக்கிறது. இருபது வருட அனுபவம் உள்ள நர்ஸ் ஒருவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார், இது காதுத் தொற்று என்று. எந்த மருந்து, எத்தனை நாள் என்பதும் அவருக்கு மனப்பாடம். ஆனால் 1950களின் அமெரிக்காவில் அதை அவர் வாயால் சொல்லக் கூடாது. "காது சிவந்திருப்பதுபோல் தோன்றுகிறது" என்று நோட்டில் எழுதிவிட்டு டாக்டருக்காகக் காத்திருக்க வேண்டும். டாக்டர் வந்து, பார்த்து, "காதுத் தொற்று" என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது காதுத் தொற்று ஆகும். அதுவரை 'தோன்றுகிறது' மட்டும்தான்!

இது வேடிக்கைக்காகச் சொல்வதில்லை. 1955ஆம் ஆண்டு அமெரிக்க நர்ஸ்கள் சங்கம், மாநிலச் சட்டங்களுக்கு மாதிரியாக நர்ஸிங் என்றால் என்ன என்று ஒரு வரையறை எழுதிக் கொடுத்தது. அதில் நோயைக் கண்டறிவதும் சிகிச்சையை எழுதிக் கொடுப்பதும் நர்ஸிங் ஆகாது என்று தெளிவாகவே போட்டிருந்தார்கள். கவனிக்க வேண்டிய விஷயம், இதை எழுதியது டாக்டர்கள் இல்லை. நர்ஸ்களின் சங்கமே எழுதியது. பல மாநிலங்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டன.

அடுத்த பத்தே வருடத்தில் இந்த வேலியைத் தாண்டி ஒரு புது வேலை பிறந்தது. அதன் பெயர் நர்ஸ் பிராக்டிஷனர். நோயாளியைப் பரிசோதித்து, நோயைச் சொல்லி, மருந்தும் எழுதிக் கொடுக்கும் நர்ஸ். இன்று அமெரிக்காவில் அப்படி 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் லைசென்ஸ் வைத்திருக்கிறார்கள். அங்கே வேகமாக வளரும் வேலைகளின் பட்டியல் எதை எடுத்தாலும் முதல் சில இடங்களில் இது இருக்கும். இதன் சரித்திரத்தைப் படிக்கப் போனால், மருத்துவ அறிவைப் பற்றிய சண்டையாகத்தான் இருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பார்கள். உண்மையில் அந்தச் சண்டை சீக்கிரமே முடிந்துவிட்டது. மீதி அறுபது வருடமும் நடந்தது, சீட்டில் யார் கையெழுத்து, பில்லில் யார் பெயர் என்ற சண்டைதான்.

கதாநாயகியின் பெயர் லொரெட்டா ஃபோர்டு. 1920இல் நியூயார்க்கில் பிறந்து நியூ ஜெர்சியில் வளர்ந்தவர். பொருளாதார மந்தம் அமெரிக்காவைப் போட்டு அடித்த காலம் அது. டீச்சர் ஆக ஆசைப்பட்டவருக்குப் பணம் இல்லாததால் நர்ஸிங் கிடைத்தது. 1941இல் டிப்ளமோ முடித்தார். திருமணம் நிச்சயமாகியிருந்த ஆண் போரில் இறந்துபோக, இவரும் ராணுவ விமானப்படையில் நர்ஸாகச் சேர்ந்தார். போர் முடிந்ததும் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பட்டம், முதுகலை, கடைசியாக 1961இல் கல்வியியலில் டாக்டர் பட்டம். நடுவில் போல்டர் கவுன்ட்டியில் பொது சுகாதார நர்ஸ் வேலை.

அந்த வேலையில்தான் விதை இருக்கிறது. மலையும் பண்ணையுமாகக் கிடந்த கிராமங்களில் டாக்டர் கிடையாது. பள்ளிக்கூடத்திலோ சர்ச்சிலோ நாலு மேஜை நாற்காலியைப் போட்டு நர்ஸ்களே கிளினிக் நடத்துவார்கள். குழந்தையை எடை பார்ப்பது, தடுப்பூசி, அம்மாக்களுக்கு ஆலோசனை. கூப்பிட்ட குரலுக்கு டாக்டர் இல்லாத இடத்தில் நர்ஸ் எத்தனை முடிவுகளைத் தானே எடுக்கிறார் என்பதை ஃபோர்டு வருடக்கணக்கில் பார்த்தார். எல்லோரும் செய்கிறார்கள், யாரும் வெளியே சொல்வதில்லை. அவ்வளவுதான்.

உண்மையில் இது அவருக்கு வெகு காலம் முன்பே நடந்த விஷயம். கொஞ்சம் பின்னால் போனால், 1893இல் நியூயார்க்கின் ஏழைக் குடியேறிகள் வாழ்ந்த பகுதியில் லில்லியன் வால்ட் என்ற நர்ஸ், வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் சேவையைத் தொடங்கினார். ஹென்றி ஸ்ட்ரீட் செட்டில்மென்ட் என்று பிற்பாடு பெயர் பெற்றது. இதில் காமர்ஸ் மாணவர்கள் உட்கார்ந்து ரசிக்க வேண்டிய ஒரு கட்டம் உண்டு. 1909இல் மெட்ரோபாலிட்டன் லைஃப் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் போய், உங்கள் பாலிசிதாரர்கள் நோய்வாய்ப்பட்டால் எங்கள் நர்ஸை அனுப்புகிறோம், நீங்கள் பணம் கொடுங்கள் என்று பேசி முடித்தார் வால்ட். கம்பெனியின் பாலிசிதாரர்களில் பெரும் பகுதி வாரம் சில சென்ட் கட்டும் தொழிலாளிகள். அவர்கள் சீக்கிரம் செத்தால் கிளெய்ம். நீண்ட நாள் வாழ்ந்தால் பிரீமியம். நர்ஸுக்குக் கொடுக்கும் கூலி, கிளெய்ம் தொகையைவிடக் குறைவு. தர்மம் என்று கேட்டிருந்தால் ஒரு வருடம் கொடுத்திருப்பார்கள். கணக்கு என்று காட்டியதால் 1953 வரை, 44 வருடம் கொடுத்தார்கள்!

அதே கம்பெனி இன்னொரு இடத்திலும் தலைகாட்டுகிறது. மேரி பிரெக்கின்ரிட்ஜ் என்பவர் பணக்காரக் குடும்பத்துப் பெண், நர்ஸ். தன் இரண்டு குழந்தைகளையும் பறிகொடுத்தவர். இங்கிலாந்துக்குப் போய் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்டு வந்து, 1925இல் கென்டக்கி மலைப்பகுதியில் ஒரு சேவையை ஆரம்பித்தார். சாலையே இல்லாத ஊர். நர்ஸ்கள் குதிரை மேல் ஏறி, ஆற்றைக் கடந்து போய்ப் பிரசவம் பார்த்தார்கள். டாக்டர் எங்கோ தொலைவில். அதற்காக லெக்ஸிங்டன் நகர டாக்டர்கள் குழு ஒன்று, எந்த நிலையில் என்ன செய்யலாம் என்று ஒரு கையேடு எழுதிக் கொடுத்தது. ஸ்டாண்டிங் ஆர்டர் என்பார்கள். அதாவது டாக்டர் முன்கூட்டியே போட்டு வைத்த கையெழுத்து!

முதல் ஆயிரம் பிரசவக் கணக்கை மெட்ரோபாலிட்டன் லைஃபின் புள்ளிவிவர நிபுணர் லூயிஸ் டப்ளின் அலசினார். அமெரிக்காவின் மிக ஏழ்மையான பகுதிகளில் ஒன்றில், குதிரையில் வந்த நர்ஸ்கள் பார்த்த பிரசவங்களில் தாய் மரணம் நாட்டின் சராசரியைவிட வெகு குறைவு என்று வந்தது. இது 1930களின் ஆரம்பம். திறமை இருக்கிறதா என்ற கேள்விக்கு அன்றைக்கே பாதிப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் மலைக்கு வெளியே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டர் போக விரும்பாத இடத்தில் நர்ஸ் என்ன செய்தாலும் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. வருமானம் உள்ள ஊரில் செய்தால்தான் பிரச்சினை.

சரி, கொலராடோவுக்குத் திரும்பலாம். ஹென்றி சில்வர், பல்கலைக்கழகத்தில் குழந்தைகள் டாக்டர். சில்வர்-ரஸ்ஸல் குறைபாடு என்று மருத்துவப் புத்தகத்தில் வரும் வளர்ச்சிக் குறைபாட்டில் உள்ள சில்வர் இவர்தான். போருக்குப் பிறகு அமெரிக்க டாக்டர்கள் எல்லோரும் ஸ்பெஷலிஸ்ட் ஆகக் கிளம்பிவிட்டார்கள். பொது மருத்துவம் பார்ப்பவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே போனது. அதே சமயம் குழந்தைகள் பிறப்பு எகிறிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தைகள் டாக்டரின் நாளில் பெரும் பகுதி, நோயே இல்லாத குழந்தைகளை எடை பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று சொல்வதில் போகிறது என்பது சில்வருக்குத் தெரியும். ஃபோர்டும் சில்வரும் சேர்ந்து 1965இல் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கினார்கள். ஏற்கெனவே பட்டம் பெற்ற பொது சுகாதார நர்ஸ்களை எடுத்து, பல்கலைக்கழக மருத்துவமனையில் நான்கு மாதத் தீவிரப் பயிற்சி. குழந்தையை உச்சி முதல் பாதம் வரை பரிசோதிப்பது, ஸ்டெதாஸ்கோப்பும் காது பார்க்கும் கருவியும் கையாள்வது, சாதாரண நோய்களைச் சமாளிப்பது, எப்போது டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்துகொள்வது. பிறகு ஏழைகள் வாழும் பகுதிகளில் உள்ள கிளினிக்குகளுக்கு அனுப்பினார்கள். வந்த குழந்தைகளில் பெரும்பாலானோரை அந்த நர்ஸ்களே பார்த்து முடித்தார்கள். 1967இல் மருத்துவ இதழில் கட்டுரையும் வந்தது.

ஃபோர்டின் மனதில் இருந்தது என்ன என்பது முக்கியம். டாக்டருக்கு ஒரு மலிவான மாற்று தயாரிப்பது அவர் நோக்கமே இல்லை. நர்ஸ் எப்போதும் செய்து வந்ததை ஒளிவுமறைவில்லாமல் செய்ய வேண்டும், அதற்கான படிப்பைப் பல்கலைக்கழகம் தர வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். வெளியுலகம் பார்த்ததோ வேறு: "டாக்டர் பற்றாக்குறைக்கு ஒரு மருந்து." இந்த இரண்டு பார்வைக்கும் நடுவில்தான் இந்த வேலை இன்றுவரை ஊசலாடுகிறது.

1965ஐ இன்னும் இரண்டு காரணங்களுக்காக ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். ஜூலை 30ஆம் தேதி ஜனாதிபதி ஜான்சன் மெடிகேர், மெடிகெய்டு சட்டத்தில் கையெழுத்திட்டார். முதியோருக்கும் ஏழைகளுக்கும் அரசு மருத்துவக் காப்பீடு. அடுத்த வருடம் திட்டம் அமலுக்கு வந்தபோது சுமார் 1.9 கோடி முதியவர்கள் உள்ளே வந்தார்கள். தேவை ஒரே நாளில் எகிறியது, சப்ளை அப்படியே நின்றது. பொருளாதாரப் பாடத்தின் முதல் அத்தியாயம்!

இரண்டாவது, டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற டாக்டர் அதே வருடம் தொடங்கிய பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பு. கடற்படையில் மருத்துவ உதவியாளராக இருந்த நான்கு பேர்தான் முதல் வகுப்பு. ஏன் நர்ஸ்களை எடுக்கவில்லை? எடுத்துப் பார்த்தார். 1950களின் கடைசியில் தெல்மா இங்கிள்ஸ் என்ற நர்ஸிங் பேராசிரியையோடு சேர்ந்து நர்ஸ்களுக்கு உயர்நிலை மருத்துவப் படிப்பு ஒன்று நடத்தினார். நர்ஸிங் கல்விக்கான தேசிய அமைப்பு அதற்கு அங்கீகாரம் தர மறுத்துவிட்டது. நர்ஸிங்குக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு வாசலை நர்ஸிங்கே சாத்தியது. அந்த வாசலில் வேறொரு தொழில் நுழைந்து, இன்று நர்ஸ் பிராக்டிஷனருக்கு நேர் போட்டியாக நிற்கிறது.

எதிர்ப்பு டாக்டர்களிடமிருந்து மட்டும் வந்தது என்று நினைத்தால் தப்பு. முதலில் பலமாகக் கத்தியவர்கள் நர்ஸிங் பேராசிரியைகள். மார்த்தா ரோஜர்ஸ் என்ற பெரிய நர்ஸிங் சிந்தனையாளர் 1972இல் எழுதிய கட்டுரையில், இதெல்லாம் நர்ஸ்களை நர்ஸிங்கிலிருந்து பிடுங்கி டாக்டருக்குக் கையாள் ஆக்கும் வேலை என்று சாடினார். அவர் பயம் காரணமில்லாத பயம் இல்லை. 1970இல் அமெரிக்க டாக்டர்கள் சங்கம், நர்ஸ்கள் சங்கத்திடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு லட்சம் நர்ஸ்களை டாக்டர்களின் உதவியாளர்களாக மாற்றப் போவதாக அறிவித்தது. அடுத்த வீட்டுக்காரன் தோட்டத்து மாங்காயைத் தன் கணக்கில் எழுதிக்கொள்வது மாதிரி!

சட்டம் மெதுவாக அசைந்தது. 1971இல் ஐடஹோ மாநிலம் முதன்முதலாக, தகுந்த பயிற்சி பெற்ற நர்ஸ் நோய் கண்டறியலாம், சிகிச்சை தரலாம் என்று சட்டத்தில் எழுதியது. மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சில இடங்களில் நீதிமன்றம்தான் தீர்க்க வேண்டியிருந்தது. மிசௌரி மாநிலத்தில் கிராமப்புறக் குடும்ப நல கிளினிக்குகளில் நர்ஸ்கள் ஸ்டாண்டிங் ஆர்டரின்படி பரிசோதனை செய்து கருத்தடை மாத்திரை முதலியவை கொடுத்து வந்தார்கள். எந்த நோயாளிக்கும் கெடுதல் நடந்ததாகப் புகார் இல்லை. ஆனாலும் மாநில மருத்துவ வாரியம், நர்ஸ்கள் லைசென்ஸ் இல்லாமல் மருத்துவம் செய்கிறார்கள், டாக்டர்கள் அதற்கு உடந்தை என்று நடவடிக்கைக்குக் கிளம்பியது. நர்ஸ்களும் டாக்டர்களும் சேர்ந்தே வழக்குப் போட்டார்கள். 1983இல் மிசௌரி உச்ச நீதிமன்றம் நர்ஸ்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1975இல் சட்டம் திருத்தப்பட்டபோதே நர்ஸின் எல்லையை விரிக்கத்தான் சட்டசபை நினைத்தது, தன் எல்லை எது என்று தெரிந்து நடக்கும் நர்ஸ் சட்டத்தை மீறவில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

இந்தக் கதையிலேயே அதிகம் யோசிக்க வைக்கும் பகுதி நடந்தது அமெரிக்காவில் இல்லை, எல்லைக்கு அந்தப் பக்கம் கனடாவில். ஒன்டாரியோ மாகாணத்தில் பர்லிங்டன் என்ற ஊர். இரண்டு குடும்ப டாக்டர்கள் நடத்திய ஒரு கிளினிக். கூட்டம் தாங்காமல் புது நோயாளிகளையே சேர்க்க முடியாத நிலை. அங்கிருந்த இரண்டு நர்ஸ்கள் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பயிற்சி பெற்று நர்ஸ் பிராக்டிஷனர் ஆனார்கள். 1971 ஜூலை முதல் ஒரு வருடம், கிளினிக்கின் சுமார் 1,600 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்கள் டாக்டரிடம், ஒரு பங்கு நர்ஸ் பிராக்டிஷனரிடம். புது மருந்தைச் சோதிப்பது போலவே ஒரு தொழிலைச் சோதித்தார்கள்!

1974இல் முடிவு வெளியானது. இறப்பில் வித்தியாசம் இல்லை. உடல் நிலை, மன நிலை, அன்றாட வாழ்க்கை எதிலும் வித்தியாசம் இல்லை. சிகிச்சையின் தரமும் சமம். நோயாளிகளுக்குத் திருப்தி. நர்ஸ் பிராக்டிஷனர்கள் மூன்றில் இரண்டு முறை டாக்டரைக் கூப்பிடாமலேயே முடித்திருந்தார்கள். கிளினிக்கில் புதுக் குடும்பங்களைச் சேர்க்கவும் முடிந்தது.

எல்லாம் வெற்றி. ஆனால் கிளினிக்கின் வருமானம் 5 சதவீதம் குறைந்தது!

எப்படி? மாகாண அரசுக் காப்பீடு டாக்டர் பார்த்தால்தான் பணம் தரும். நர்ஸ் தனியாகப் பார்த்து முடித்த வேலைக்கு பில் போட வழி இல்லை. ஆக, நர்ஸ் எவ்வளவு திறமையாக டாக்டரைத் தொந்தரவு செய்யாமல் வேலையை முடிக்கிறாரோ, கிளினிக்குக்கு அவ்வளவு நஷ்டம். திறமைக்கு அபராதம்! சமூகத்துக்கு லாபம், டாக்டருக்கு லாபமில்லை என்று ஆராய்ச்சியாளர்களே எழுதிவிட்டார்கள். காஸ்ட் அக்கவுன்டிங் வகுப்பில் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. செலவு ஒரு கணக்கில், வரவு வேறொருவர் கணக்கில் விழுந்தால் எந்த நல்ல திட்டமும் நிற்காது. நிற்கவும் இல்லை. டாக்டர்கள் எண்ணிக்கை போதுமென்று பேச்சு வந்ததும், 1980களின் தொடக்கத்தில் கனடாவின் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புகள் மூடப்பட்டன. 1997இல் ஒன்டாரியோ புதுச் சட்டம் கொண்டு வந்த பிறகுதான் மறுவாழ்வு. நல்ல ரிசல்ட் வந்தும், கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு வீண்.

அமெரிக்காவில் படிப்புகள் மூடவில்லை, பணக் கதவு இஞ்ச் இஞ்சாகத் திறந்தது. 1977இல் வந்த சட்டம், டாக்டர் பற்றாக்குறை உள்ள கிராம கிளினிக்குகளில் நர்ஸ் பிராக்டிஷனர் பார்த்தாலும் மெடிகேர் பணம் தரும் என்றது. (மறுபடியும், டாக்டர் போகாத ஊரில் மட்டும் தாராளம்.) 1986இல் அமெரிக்க காங்கிரஸின் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம், தங்கள் திறமைக்கு உட்பட்ட வேலைகளில் இவர்கள் தரும் சிகிச்சை டாக்டருக்குச் சமம் என்று அறிக்கை தந்தது. 1989இல் குழந்தைகள் மற்றும் குடும்ப நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கு மெடிகெய்டு பணம் தர வேண்டும் என்று சட்டம். கடைசியாக, கிளின்டன் காலத்தில் 1997 ஆகஸ்ட் மாதம் நிறைவேறிய பட்ஜெட் சட்டம், ஊர் எதுவானாலும் நர்ஸ் பிராக்டிஷனர் தன் பெயரிலேயே மெடிகேருக்கு பில் அனுப்பலாம் என்றது. 1998 ஜனவரி முதல் அமல். தொகை, டாக்டருக்குத் தரும் கட்டணத்தில் 85 சதவீதம்.

இந்த 85இல்தான் சூட்சுமம். டாக்டருக்கு 100 டாலர் கிடைக்கும் வேலையை நர்ஸ் பிராக்டிஷனர் செய்து தன் பெயரில் பில் போட்டால் 85 டாலர். அதே வேலையை அதே நர்ஸ் பிராக்டிஷனரே செய்கிறார், ஆனால் சிகிச்சையை ஆரம்பித்து வைத்த டாக்டர் அதே அலுவலகத்தில் பக்கத்து அறையில் இருக்கிறார் என்றால், டாக்டர் பெயரில் பில் போட்டு 100 டாலரும் வாங்கலாம். நோயாளி அந்த டாக்டரை அன்று பார்த்திருக்கவே வேண்டாம்! எந்தக் கிளினிக் முதலாளி 15 டாலரை விடுவார்? பல வருடங்களாக நர்ஸ் பிராக்டிஷனர்கள் செய்த வேலையில் ஒரு பகுதி புள்ளிவிவரத்தில் டாக்டர்கள் செய்த வேலையாகப் பதிவாகியிருக்கிறது. எத்தனை பேரை இவர்கள் பார்க்கிறார்கள் என்று எண்ணவே முடியாத நிலை.

கையெழுத்துக் கூத்துகள் இன்னும் உண்டு. மருந்து எழுதும் அதிகாரம் 50 மாநிலங்களிலும் கிடைக்க 2006 ஆயிற்று, கடைசியாக வந்தது ஜார்ஜியா. வீட்டிலேயே நர்ஸ் வந்து கவனிக்கும் சேவை ஒரு மெடிகேர் நோயாளிக்குத் தேவை என்று சான்று கொடுக்க, 2020 வரை டாக்டர் கையெழுத்துதான் செல்லும். நோயாளியை வருடக்கணக்கில் பார்த்து வந்த நர்ஸ் பிராக்டிஷனர், அவரை ஒருமுறைகூடப் பார்க்காத டாக்டரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். கொரோனா வந்து, 2020 மார்ச்சில் அவசரச் சட்டம் போட்டபோதுதான் அது மாறியது.

டாக்டர்கள் தரப்பு வாதத்தையும் சொல்லாவிட்டால் நியாயம் ஆகாது. அவர்கள் சொல்வது சுலபமான கணக்கு. ஒரு குடும்ப டாக்டர் நாலு வருட மருத்துவக் கல்லூரி, மேலும் மூன்று வருடப் பயிற்சி முடித்து வருகிறார். நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பில் நோயாளியிடம் நேரடியாகப் பயிற்சி பெற வேண்டிய குறைந்தபட்ச நேரம் வெகு காலம் 500 மணியாக இருந்தது. 2022இல் வந்த புதிய தர விதிகள்தான் அதை 750 ஆக்கின. முன்பு பல வருடம் வார்டில் வேலை பார்த்த நர்ஸ்கள் இந்தப் படிப்புக்கு வந்தார்கள், அந்த அனுபவமே பெரிய பயிற்சி. இப்போது அனுபவம் அதிகம் இல்லாமலே நேராக வந்து சேருபவர்களும் உண்டு, பாதிப் படிப்பு ஆன்லைனில். இந்தக் கவலை வெறும் பிழைப்புச் சண்டை என்று தள்ளிவிட முடியாது.

ஆராய்ச்சி முடிவுகளை வைத்தும் இதே வாதம் உண்டு. 2000ஆம் ஆண்டு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு, 1,316 நோயாளிகளை டாக்டர்களுக்கும் நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கும் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்து, ஆறு மாதம் கழித்து விளைவு சமம் என்று வெளியிட்டது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஆறு மாதம் எந்த மூலைக்கு என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டு வருடத் தொடர் ஆய்வு 2004இல் வந்தது, அதிலும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனாலும் இவை சாதாரண வெளிநோயாளி மருத்துவத்தைப் பற்றிய ஆய்வுகள். அதைக் காட்டி எல்லாத் துறைக்கும் உரிமை கேட்டால் அது ஆய்வு சொல்லாததைச் சொல்வது.

இத்தனைக்கும் பிறகு, இந்த வேலைக்குப் போக விரும்புகிறவர் நடக்க வேண்டிய பாதை நேர்க்கோடுதான். நர்ஸிங்கில் பட்டம், பதிவு பெற்ற நர்ஸ் ஆவதற்கான தேசியத் தேர்வு, சில வருட வேலை, பிறகு குடும்ப நலம், குழந்தைகள், மனநலம், முதியோர் என்று ஒரு பிரிவில் முதுகலையோ நர்ஸிங் டாக்டர் பட்டமோ. அதன்பின் அந்தப் பிரிவுக்கான தேசியச் சான்றிதழ் தேர்வு, மாநில லைசென்ஸ். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறைக் கணக்கின்படி 2023இல் பதிவு பெற்ற நர்ஸின் நடுநிலைச் சம்பளம் வருடத்துக்கு 86,070 டாலர், நர்ஸ் பிராக்டிஷனருக்கு 1,26,260 டாலர். வித்தியாசம் 40 ஆயிரம். படிப்புக் கடன், படிக்கும் காலத்தில் இழந்த சம்பளம் இரண்டையும் கழித்தாலும் சில வருடங்களில் முதல் திரும்பிவிடும். முதலீடாகப் பார்த்தால் மோசமில்லை.

ஆனால் சம்பளப் பட்டியலில் தெரியாத ஒரு வரி இருக்கிறது. எந்த மாநிலம்? பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனர் முழு அதிகாரத்தோடு தனியாக கிளினிக் நடத்தலாம். சிலவற்றில் முதல் சில வருடம் மேற்பார்வை, பிறகு சுதந்திரம். மீதி மாநிலங்களில் ஒரு டாக்டரோடு எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாமல் கடை திறக்க முடியாது. அந்த ஒப்பந்தத்துக்கு மாதாமாதம் டாக்டருக்குக் கட்டணம் கட்டும் வழக்கமும் பல இடங்களில் உண்டு. அந்த டாக்டர் ஊர் மாறினாலோ இறந்தாலோ, கிளினிக் மறுநாள் மூட வேண்டியதுதான், நோயாளிகள் வாசலில் நின்றாலும். ஆற்றின் இந்தக் கரையில் முதலாளி, பாலத்தைத் தாண்டி அந்தக் கரைக்குப் போனால் கையெழுத்துக்குக் காத்திருப்பவர். படிப்பு ஒன்று, தேர்வு ஒன்று, மூளை ஒன்று!

லொரெட்டா ஃபோர்டு 1972இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழக நர்ஸிங் கல்லூரியின் முதல் டீனாகப் போய், 1986இல் ஓய்வு பெற்றார். 2011இல் அமெரிக்கப் பெண்கள் புகழ் மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. 2025 ஜனவரி 22 அன்று ஃபுளோரிடாவில் காலமானார், வயது 104. மெடிகேர் அன்றும் நர்ஸ் பிராக்டிஷனருக்கு 85 சதவீதம்தான் கொடுத்துக்கொண்டிருந்தது.

இந்தியாவுக்கு இந்தப் பெயர் தாமதமாகத்தான் வந்தது. 2010களின் பிற்பகுதியில் இந்திய நர்ஸிங் கவுன்சில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்கென்று இரண்டு வருட நர்ஸ் பிராக்டிஷனர் முதுகலைப் படிப்பைக் கொண்டு வந்தது. 2018இல் மத்திய அரசு, பிரசவம் பார்க்கும் நர்ஸ் பிராக்டிஷனர்களுக்கு 18 மாதப் பயிற்சி என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. தீவிர சிகிச்சைப் படிப்புக்கான பாடத்திட்டத்தைப் புரட்டினால், மருந்து கொடுப்பது பற்றி வரும் இடத்தில் ஒரு பழைய சொல் எதிர்ப்படும். மருத்துவமனையின் நெறிமுறைப்படி, ஸ்டாண்டிங் ஆர்டரின்படி.